சலவை அறைக்கு ஒரு கேமரா

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் இவரும் இருக்கிறோம். 'நலமாக' என்று சேர்த்து எழுதக் கை வரவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறுவதைக் குறைத்தாயா, இல்லை யாராவது கூப்பிட்டால் அதே ஓட்டம்தானா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குச் சண்டை வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நாம் இரண்டு பேரும் கொஞ்சம் மரியாதையான மனுஷிகள்.

வாலு வீட்டை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. போலீஸில் போய் நின்றால், "இருபது வயசு பொண்ணும்மா, தானா போயிருக்கு, நாங்க என்ன பண்ண முடியும்?" என்கிறார்கள். போன் நம்பரை மாற்றிவிட்டாள். ஒரு துணிப்பையோடு போனவள்தான். நான் அப்படி என்ன கொடுமை செய்துவிட்டேன்? எங்கே இருக்கிறாள் என்று காட்டும் ஆப் ஒன்றை அவள் போனில் போட்டேன். பையைத் திறந்து பார்த்தேன். தோழிகளோடு என்ன பேசிக்கொள்கிறாள் என்று படித்தேன். பெற்றவள் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரியா பார்ப்பாள்?

உன் ஊருக்குத்தான் வந்திருப்பாள் என்று மனசு சொல்கிறது. சின்ன வயசிலிருந்தே எதற்கெடுத்தாலும் "பெரியம்மா" தான் அவளுக்கு. உன் சலவை அறைக்கு வந்தாளா? வந்தாள், வரவில்லை, இரண்டில் ஒன்றை எழுதினால் போதும்.

எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. மானியம் வாங்கும் தொண்டு நிறுவனங்கள் எல்லாம் இப்போது என் பிரிவில். புதிய சுற்றறிக்கை ஒன்று தயாராகிறது. உதவி கேட்டு வருகிறவர்களின் பெயர், அடையாள எண், போட்டோ எல்லாவற்றையும் மாதாமாதம் துறைக்கு அனுப்ப வேண்டும். உனக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

பதில் போடு. தள்ளிப்போடாதே.

உன் தங்கை

ஜனவரி 30

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

முழங்கால் அப்படியேதான். குளிர் குறைந்தால் அதுவும் குறையும். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அவருக்கு ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? பதவி உயர்வுக்கு என் சந்தோஷம். அம்மா இருந்திருந்தால் தெருவையே கூட்டிச் சொல்லியிருப்பாள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தாளைக் கிழித்தேன். சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளாமல் மேலே படி.

எங்கள் இடம் உனக்குத் தெரியும். முன்னால் ஏதோ கடையாக இருந்த நீளமான அறை, நான்கு சலவை மெஷின், ஒரு பெஞ்சு, டீ கெட்டில். வீட்டை விட்டு வந்தவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து இலவசமாகத் துணி துவைக்கலாம். உதவி கேட்க வெட்கப்படுகிறவர்கள்கூட அழுக்குத் துணியோடு வர வெட்கப்படுவதில்லை. மெஷின் ஓடி முடியும் வரை உட்கார்ந்திருக்கத்தானே வேண்டும்? அப்போது வாய் திறந்தால் கேட்டுக்கொள்வோம். டாக்டரோ வக்கீலோ வேண்டுமென்றால் ஏற்பாடு செய்வோம். பெயர் கேட்பதில்லை. ஆளுக்கொரு பை கொடுப்போம். ஒரு டப்பா நிறையப் பட்டன் இருக்கிறது. பிடித்த பட்டனை எடுத்துக்கொடுத்தால் பையில் தைத்துவிடுவோம். அதுதான் அவர்கள் அடையாளம்.

யார் தேடி வந்தாலும் ஒரே பதில்தான். வராத ஆளைப் பற்றி 'வரவில்லை' என்று சொல்லிப் பழகிவிட்டால், ஒருநாள் நான் பேசாமல் இருந்தாலே 'வந்திருக்கிறார்' என்று ஆகிவிடும். அதனால் புருஷனுக்கும் சரி, போலீஸுக்கும் சரி, 'சொல்லமாட்டேன்' தான். உனக்கும் அதுதான்.

சுற்றறிக்கையைப் பற்றி அப்புறம் பேசுவோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். தூங்கவில்லை. இவருக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

நானும் புருஷனும் போலீஸும் உனக்கு ஒன்றா? படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். ஒரு டம்ளர் நசுங்கிவிட்டது.

எனக்குப் பொறாமை. மூடி மறைப்பானேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் உன்னிடம்தான் சொல்வார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாறி மாறி இருந்தோம். என் முறை வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். நீ போனால் குசுகுசுவென்று ஒரே பேச்சு. கதவுக்கு வெளியே பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் மகள் வயசுக்கு வந்ததை யாரிடம் முதலில் சொன்னாள்? உனக்குப் போன் பண்ணிச் சொன்னாள். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீ திரும்ப எனக்குப் போன் பண்ணி, "பக்கத்து ரூமுக்குப் போய்ப் பாரு, குழந்தை பயந்துபோய் உட்கார்ந்திருக்கா" என்றாய். அன்றைக்கு என் வயிறு எரிந்தது உனக்குத் தெரியாது.

இப்போது ஊர் பேர் தெரியாத பட்டன்கள் எல்லாம் உன்னிடம் மனசைக் கொட்டுகின்றன. அதையும் பூட்டி வைத்துக்கொண்டு கல்லுளிமங்கி மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். கூடப் பிறந்தவள் ஒரு வார்த்தை கேட்டால் கொள்கை பேசுகிறாய். அந்தப் பெஞ்சில் உட்கார என்ன தகுதி வேண்டும்? வீட்டை விட்டு ஓடி வரவேண்டுமா? சொல், நானும் வருகிறேன்.

தங்கை

மார்ச் 2

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

உன் கோபத்தை நாலு தடவை படித்தேன். நீ தூங்குவதில்லை என்ற வரியைத்தான் அதிகமாகப் படித்தேன். டாக்டரைப் பார். ஒருநாள் லீவு போட்டால் உன் துறை ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

அம்மா என்னிடம் குசுகுசுவென்று பேசியது வேறொன்றுமில்லை. பெட்பேன் வைக்கச் சொல்வாள். உன்னிடம் கேட்க அவளுக்குக் கூச்சம், நீ முகம் சுளிப்பாயாம். முப்பது வருஷ ரகசியம் இவ்வளவுதான்.

இங்கே மூன்றாவது மெஷின் பழுதாகி, மெக்கானிக் வந்து வடிகுழாயிலிருந்து ஒரு கைப்பிடி ஹேர்பின்னும் ஒற்றைச் சாக்ஸும் எடுத்தார். "இதுக்கு ஒரு மியூசியம் வைக்கலாம்மா" என்றார். இங்கே ஒரு பெண் அதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு சாக்ஸுக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையை வைத்து மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத்தான் மெஷினுக்குள் போடுகிறாள். ஒன்றுகூடத் தொலைவதில்லை. அவளைப் பார்த்து இப்போது எல்லோரும் முடிச்சுப் போடுகிறார்கள். கொடியில் காயும்போது பார்த்தால் முயல் குட்டிகளைத் தொங்கவிட்டது போல இருக்கிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 5

அக்கா,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. மன்னித்துக்கொள்.

அந்த முடிச்சு வாலு போடுகிற முடிச்சு. நடுவில் கைக்குட்டையோடு. எலாஸ்டிக் தளர்ந்துபோகும், ஈரம் காயாது, நாற்றமடிக்கும் என்று பத்து வருஷமாகக் கத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முடிச்சையும் நகத்தால் அவிழ்த்துவிட்டுத்தான் துவைக்கப் போடுவேன்.

ஆபீஸில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். உயிரோடு இருக்கிறாள். அது வரைக்கும் உன் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. திரும்பி வந்து அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். நான் அவிழ்த்துப் போட்ட முடிச்சை அங்கே எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்களாம். நீ சிரிக்கிறாயாம். அவளும் உன்னோடு சிரித்திருப்பாள். என் வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

எப்படி இருக்கிறாள்? இளைத்துவிட்டாளா? முடியை வெட்டிக்கொண்டாளா? எங்கே தூங்குகிறாள்? என்னைப் பற்றிக் கேட்டாளா? திட்டினால்கூடப் பரவாயில்லை, என்ன திட்டினாள் என்று எழுது. நேரில் வந்து நின்றால் அங்கிருந்தும் ஓடிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த தபாலிலேயே எழுது அக்கா.

தங்கை

ஏப்ரல் 24

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

நீ போட்ட மற்ற இரண்டு கடிதங்களும் வந்தன. தாமதத்துக்கு உடம்பு காரணமில்லை, நன்றாக இருக்கிறேன்.

சாக்ஸை முடிச்சுப் போடுகிறவர்கள் எவ்வளவோ பேர் இருப்பார்கள். யாருடைய துணியைப் பற்றியும் நான் எழுதியிருக்கக் கூடாது. கை தவறி எழுதினேனா, நீ தூங்கவேண்டும் என்று எழுதினேனா, எனக்கே சரியாகத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் தப்பு என்னுடையது. கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

நீ கேட்ட கேள்விகளுக்குப் பதில் முன்பு சொன்னதேதான். சொல்லமாட்டேன்.

அவரை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

மே 3

அக்காவுக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. உன் முழங்காலுக்கு இது நல்லது என்பார்கள்.

ஏழு வாரம் காத்திருந்து ஒரு தாளுக்குக்கூட வராத பதில் வாங்கினேன். நன்றி. கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிவிட்டாயாம். அவர்களுக்கெல்லாம் என் மகள் கதை தெரியும், எனக்குத்தான் தெரியக் கூடாது.

உன் நிறுவனம் அனுப்பிய மாதாந்தரப் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. பெயர் என்ற இடத்தில் 'பச்சை, நான்கு துளை', 'மரப் பட்டன்', 'ஓரம் உடைந்த வெள்ளை' என்று எழுதியிருக்கிறாய். மேலதிகாரி பார்த்துவிட்டு, "என்னங்க இது, தையல் கடையா நடத்துறாங்க?" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. உன் கோப்பு அடியில் கிடந்தது. எடுத்து மேலே வைத்தேன். வேறு யாரும் தூண்டவில்லை, நானே வைத்தேன்.

கட்டடம் அரசாங்கத்துடையது, மறந்துவிடாதே. பெயர் தராத இடங்களின் வாசலில் கேமரா வைத்து, படம் நேராக இங்கே வரும்படி செய்யலாம் என்று சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. குறிப்பு எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன். திரை இருப்பது என் அறையில்.

நீ சொல்லவே வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன். தினமும் என் மகள் முகத்தை நீ மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம்?

தங்கை

மே 11

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பு, வெயில் எல்லாம் இருக்கட்டும். இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி. என் வாழ்க்கையில் உன்னிடம் எதுவும் கெஞ்சிக் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். அந்தக் குறிப்பைத் திரும்ப வாங்கிவிடு.

தேடுகிறவள் நீ ஒருத்திதான் என்று நினைத்துக்கொள்ளாதே. எங்கள் பெஞ்சில் உட்காருகிற ஒருத்தியின் புருஷன் உன்னைப் போலவே ஏதோ ஒரு ஆபீஸில் நாற்காலியில் இருக்கிறான். அவனும், "என் பொண்டாட்டிதானே, எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும்" என்றுதான் கேட்டுக்கொண்டு அலைகிறான். அவள் தாடை எலும்பு இன்னும் சரியாகச் சேரவில்லை. உன் அறைக்கு வருகிற படம் உன் அறையோடு நிற்கும் என்று நீ எனக்குச் சத்தியம் செய்ய முடியுமா? உன் பிரிவில் எத்தனை பேர் அந்தத் திரையைப் பார்ப்பார்கள்?

வாசலில் கேமரா வந்த அன்றே இந்த இடம் முடிந்தது. பெயர் கேட்கமாட்டோம் என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் வருகிறார்கள். எங்களிடம் வேறு சரக்கு எதுவும் கிடையாது.

பொறாமை உன் ஒருத்தியின் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வாலு பிறந்த அன்று நர்ஸ் அவளை முதலில் என் கையில்தான் கொடுத்தாள். வாங்கி, துடைத்து, உன்னிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வராந்தாவுக்குப் போய் நின்றேன். நீ பெற்றவள், நான் வாங்கிக் கொடுத்தவள். இருபது வருஷமாக அவள் "பெரியம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு இனித்தது, கூடவே எரிந்தது. நான் என்ன செய்தாலும் போனை வைத்துவிட்டு அவள் போகிற இடம் உன் வீடுதானே. அவள் என்னிடம் சொன்னதையெல்லாம் எண்ணிப் பார்த்து வயிறு எரிந்தாய். உன் வீட்டில் அவள் சாப்பிட்டதை, தூங்கியதை, உன்னோடு சண்டை போட்டதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

உன்னைவிட நான் பெரியவள் என்ற உரிமையில் கேட்கிறேன். அதை நிறுத்து. உடனே எழுது.

உன் அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் தேவலையா? உன் மே மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. அது வரும்போதே உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. திரும்ப வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பார்த்துவிட்டேன்.

கேமரா வைத்த முதல் வாரம் எல்லோரும் மதிய சாப்பாட்டுக்குப் போன பிறகு நான் மட்டும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். உன் தெரு, எதிரே சைக்கிள் கடை, மூலையில் தபால் பெட்டி எல்லாம் தெரிகிறது. நீ ஒரு தடவை வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனாய். முடியெல்லாம் நரைத்துவிட்டதே அக்கா, எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று பேர் பையோடு வந்தார்கள், மேலே பார்த்தார்கள், எதையோ மறந்தவர்கள் மாதிரி திரும்பிப் போனார்கள்.

வியாழக்கிழமை சைக்கிள் கடைப் பக்கமிருந்து ஒருத்தி வந்தாள். இடது தோளில் பை. நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். இளைக்கவில்லை. கொஞ்சம் பூசினாற்போலக்கூட இருந்தாள். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள், பாட்டாக இருக்கும். வாசலுக்கு நாலடி இருக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள்.

நேராக என்னைப் பார்த்தாள் அக்கா. அவளுக்கு அது கேமரா. ஆனால் அவள் பையைத் திறந்து பார்க்கும்போது, அவள் போனை எடுத்துப் படிக்கும்போது, பின்னால் வந்து நிற்பாளே, அப்போது என்னை எப்படிப் பார்ப்பாளோ அதே பார்வை. கோபம்கூட இல்லை. அலுப்பு. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள். நான் திரையைத் தொட்டுக் கூப்பிட்டேன். சாப்பிட்டுத் திரும்பிய பக்கத்து மேஜைக்காரர், "மேடம், யாரைக் கூப்பிடுறீங்க?" என்றார்.

மறுநாளே கேமராவை எடுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதினேன். வைக்கத்தான் உத்தரவு உண்டாம், எடுக்க விதியே இல்லையாம். மேலதிகாரி, "வேலை செய்யுதுல்ல, அப்புறம் ஏன் எடுக்கணும்?" என்கிறார். விடமாட்டேன். தினமும் போய் அவர் முன்னால் நிற்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் திரையில் வரவே இல்லை. பின்வாசல் வழியாக வருகிறாளா? உனக்குப் போன் பண்ணுகிறாளா? எங்கே துவைக்கிறாள்? எனக்காக வேண்டாம், என்னை விட்டுவிடு. நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் சொல்.

உன் தங்கை

ஜூலை 19

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் இப்போது வலிப்பதில்லை. ஓடுகிற வேலை இல்லாமல் போய்விட்டது. நான்கு மெஷினில் ஒன்றை மட்டும், துருப்பிடிக்காமல் இருக்க, வாரம் ஒருமுறை ஓட்டுகிறேன். அறைத் திரைச்சீலைகளை மூன்று தடவை துவைத்தாகிவிட்டது. தாடை சேராதவளின் பை துவைத்த துணியோடு கொக்கியில் தொங்குகிறது. அதை எடுக்க அவள் வரவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

பின்வாசல் இல்லை. போன் நம்பர்கள் நாங்கள் வாங்குவதில்லை, வாங்கியிருந்தால் உங்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். மாலையில் கதவைச் சாத்திவிட்டுப் பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி வராந்தா, ஆற்றோரப் படித்துறை என்று நடந்து பார்க்கிறேன். இதுவரை நான்கு பேரைத்தான் கண்டேன். யார் யார் என்று கேட்காதே.

கேமராவை எடுக்க நீ நிற்பது நல்லது. நின்றுகொண்டே இரு. எடுத்தாலும் உடனே யாரும் வரமாட்டார்கள். அவர்கள் மறுபடி நம்புவதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ.

ஜனவரியிலிருந்து நீ ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாய். ஒவ்வொரு தடவையும் சொல்லமாட்டேன் என்று எழுதினேன். அதனால்தான் என்மேல் உனக்கு அவ்வளவு எரிச்சல். இந்தத் தடவை வேறு பதில் எழுதுகிறேன்.

வாலு எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள், எனக்குத் தெரியாது.

இனி என்னைப் பார்த்து நீ பொறாமைப்பட ஒன்றும் இல்லை. நாம் இரண்டு பேரும் சமம்.

அவருக்கு மாத்திரையை மறக்காமல் கொடு. நீயும் கொஞ்சம் தூங்கு.

உன் அக்கா